சோதனை கிருமிக்கு, கற்புக்கு அன்று!

அம்மை கண்டபோது, 'ஆத்தா முத்துப் போட்டிருக்கிறாள்' என்று கூறி, வேப்பிலையைக் கட்டி, கூழை ஊற்றி, கும்பிட்டு நின்ற நாடு இது. ஊசி குத்த வந்தவரை, 'தெய்வக் குற்றம் ஆகிவிடும்' என்று தெருக்கோடிவரை விரட்டிய நாடு இது. ஆத்தாளின் கோபம் என்றார்களே, அந்தப் பெரியம்மை இன்று எங்கே? உலகிலேயே அது ஒழிந்துவிட்டதென்று 1980-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கோயில்கள் இருக்கின்றன, கொடைவிழாக்கள் நடக்கின்றன, பெரியம்மை மட்டும் இல்லை! விரட்டியது வேப்பிலையா, விஞ்ஞானமா? விடை சொல்ல வேண்டியவர்கள் வாய் திறப்பதில்லை. நாமும் வற்புறுத்தப் போவதில்லை.

நாம் இன்று பேச வந்தது வேறொரு கிருமியைப் பற்றி. அது ஆரவாரம் செய்யாது; காய்ச்சல் தராது; கொப்புளம் காட்டாது. பெண்ணின் கருப்பை வாயில் புகுந்து, பத்தாண்டு பதினைந்தாண்டு பதுங்கிக் கிடந்து, அவள் பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, 'அப்பாடா' என்று நிமிரும் வயதில் புற்றுநோயாய் எழுந்து அவளைச் சாய்க்கும். எச்.பி.வி. என்று மருத்துவ உலகம் அழைக்கும் வைரஸ் அது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் அதன் கையிருப்பதை ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் கண்டறிந்தார். 1983-இல் அதன் 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18-ஆம் வகையையும் புற்றுக் கட்டிகளிலிருந்தே பிரித்துக் காட்டினார். 2008-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இந்த நோயில் நூற்றுக்கு எழுபது, அந்த இரண்டு வகைகளால் மட்டுமே விளைவது.

கணக்கைக் கேளுங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் இந்நோய்க்கு ஆளான பெண்கள் ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் பேர். மாண்டவர்கள் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் என்று உலக அளவிலான புற்றுநோய்க் கணக்கு மதிப்பிட்டிருக்கிறது. நாளொன்றுக்கு இருநூறு பிணங்களுக்கு மேல்! மணிக்கு ஒன்பது தாய்மார்கள்! ரயில் ஒன்று நாள்தோறும் கவிழ்ந்து இருநூறு பேர் செத்தால் நாடு பொறுக்குமா? நாடாளுமன்றம் பொறுக்குமா? மந்திரிகள் பதவியில் நீடிக்க முடியுமா? சாவது ஏழைப் பெண். சாவதும் ஓலைக் குடிசையின் மூலையில். அதுவும் வெளியே சொல்லக் கூசும் உறுப்பில் வந்த நோய். ஆகவே, ஓசை எழுவதில்லை.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் முற்றிலும் தடுக்கக்கூடிய நோய் இது. கண்டுபிடிப்பது எப்படி? அங்கேதான் இன்றைய விவகாரம் தொடங்குகிறது.

பழைய வழி ஒன்று உண்டு. கருப்பை வாயிலிருந்து உயிரணுக்களை வழித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து வல்லுநர் பார்ப்பது. பாபனிகொலாவ் என்ற கிரேக்க நாட்டு அறிஞர் வகுத்தது. அவர் பெயரால் 'பாப்' சோதனை என்கிறார்கள். செல்வ நாடுகளில் பல்லாயிரம் உயிர்களைக் காத்த வழி அது. குறைகூறும் நோக்கம் நமக்கில்லை. இன்னொரு வழி, காடியில் உள்ள அமிலத்தைத் தடவிப் பார்ப்பது. கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். செவிலியர் கண்ணால் கண்டு சொல்லிவிடலாம். செலவு சொற்பம். நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் நடப்பது இதுவே. மூன்றாவது வழி, வைரஸின் மரபுப் பொருளையே தேடிப் பிடிக்கும் மூலக்கூறுச் சோதனை. கொரோனா காலத்தில் பட்டிதொட்டியெல்லாம் பேர்பெற்ற பி.சி.ஆர். முறையும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

முதலிரண்டும் மனிதக் கண்ணை நம்பியவை. கண் தேர்ந்ததாக இருந்தால் தீர்ப்பும் தேர்ந்ததாக இருக்கும்; கண் சோர்ந்தால் தீர்ப்பும் சோரும். மூன்றாவது, கருவியின் கையில் இருக்கிறது. 'அப்படியானால் கருவி சொல்வதெல்லாம் வேதவாக்கா?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்! வேதத்தையே கேள்வி கேட்டு வளர்ந்த இயக்கம், ஆய்வுக்கூடத்தின் சீட்டைக் கேள்வி கேட்காமல் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமா?

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட கணக்கொன்று இருக்கிறது. புற்றுக்கு முந்திய கேடு உள்ள நூறு பெண்களில், மூலக்கூறுச் சோதனை 96 பேரைப் பிடித்தது. பாப் சோதனை 53 பேரைத்தான் பிடித்தது. கேடில்லாத நூறு பெண்களில், மூலக்கூறுச் சோதனை ஏறக்குறைய 91 பேரைச் சரியாக விடுவித்தது. பாப் சோதனையோ 96 பேரை விடுவித்தது. ஆக, ஒன்று திருடனைத் தப்பவிடாத காவலாளி. ஆனால் வழிப்போக்கர் சிலரையும் நிறுத்தி விசாரிப்பவன். மற்றது வழிப்போக்கரை அதிகம் தொல்லைப்படுத்தாத காவலாளி. ஆனால் திருடர்களில் பாதிப் பேரைக் கோட்டைவிடுபவன்.

இதை நம் ஊர்க் கணக்காக்கிப் பார்ப்போம். பதினாயிரம் பெண்களை நிறுத்துவோம். அவர்களில் நூறு பேருக்குக் கேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன அளவுப்படி, மூலக்கூறுச் சோதனை 96 பேரைக் கண்டுபிடிக்கும். நாலு பேர் தப்புவர். பாப் சோதனை 53 பேரைக் கண்டுபிடிக்கும். 47 பேர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சீட்டோடு வீடு திரும்புவர், நோயை மடியில் கட்டிக்கொண்டு! மறுபக்கமும் பாருங்கள். கேடில்லாத 9,900 பேரில் மூலக்கூறுச் சோதனை ஏறத்தாழ 920 பேரைத் தடுத்து நிறுத்தும். பாப் சோதனை 366 பேரை நிறுத்தும். வீண் கலக்கத்துக்கு ஆளாவோர் முதல் முறையிலே அதிகம்.

அந்த 920 பேரிடம் ஆய்வுக்கூடம் பொய் சொன்னதா? இல்லை. வைரஸ் இருக்கிறது என்றது. வைரஸ் இருக்கத்தான் செய்தது. ஆனால் வைரஸ் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. வீட்டுத் திண்ணையில் அந்நியன் உட்கார்ந்திருந்தான் என்பதற்காக வீடு கொள்ளை போய்விட்டது என்று ஒப்பாரி வைக்கிறோமா? இந்த வைரஸ் வந்த பெண்களில் பெரும்பாலோரின் உடம்பு, அதை இரண்டாண்டுக்குள் தானாகவே துரத்திவிடுகிறது. துரத்த முடியாமல் நிலைத்துவிடுவதுதான் ஆபத்து. சோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால், அதன் பொருள் 'உனக்குப் புற்றுநோய்' என்பதன்று. 'வா அம்மா, இன்னொரு முறை உற்றுப் பார்க்கலாம்' என்பதே.

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் சீட்டை மட்டும் கையில் கொடுத்தனுப்பும் சோதனைக்கூடம், மருந்துக்குப் பதில் நஞ்சைக் கொடுத்தனுப்புவதற்குச் சமம். ஏன் என்கிறீர்களா? நாடு எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியாதா!

உடலுறவால் பரவும் கிருமி என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், கூடிவிடும் கூட்டம். மாமியார் முகம் சுளிப்பாள். நாத்தனார் கிசுகிசுப்பாள். கணவன் மீசையை முறுக்கிக்கொண்டு, 'எவனோடு?' என்பான். கட்டிய மனைவியைத் தீயிலே இறக்கிச் சோதித்த கதையைப் புண்ணிய கதை என்று காலமெல்லாம் கேட்டுவந்த செவிகள் அல்லவா! அந்தத் தீயின் இடத்தில் இந்தச் சீட்டை வைத்துவிட எவ்வளவு நேரமாகும்?

ஆகவே உரக்கச் சொல்கிறோம். இந்தச் சோதனை எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், கிருமி எப்போது வந்தது என்று சொல்லாது. யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிக் கிடந்து பிறகு தலைகாட்டும் தன்மை அதற்கு உண்டு. ஒரே கணவனோடு வாழ்ந்த உத்தமிக்கும் வரும். அந்த ஒரே கணவனிடமிருந்தே வரும்! ஆணுக்கோ, வழக்கமாகச் செய்கிற எச்.பி.வி. சோதனை என்று எதுவும் கிடையாது. கொண்டுவந்து சேர்த்தவன் கேள்வியின்றித் திரிய, வாங்கிக்கொண்டவள் குற்றவாளிக் கூண்டிலே நிற்பதா? இது கிருமிக்கு வைத்த சோதனை. கற்புக்கு வைத்த சோதனை அன்று. இதைப் புரிந்துகொள்ளாத ஆண்மகன் எவனாயினும், அவன் படித்த பட்டத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வரட்டும்.

இனி, வணிகர்களின் பக்கம் வருவோம். 'எங்கள் கருவி ஒரே ஒரு கிருமி இருந்தாலும் கண்டுபிடித்துவிடும்' என்று விளம்பரம் செய்வோர் இருக்கிறார்கள். கேட்பதற்கு இனிப்பாக இருக்கும். நோயாளிக்கு அது கசப்பு! நாளை தானாகவே மறையப்போகிற துளிக் கிருமியைக்கூடத் தோண்டியெடுத்து, நலமாயிருப்பவளை நடுங்க வைப்பதால் யாருக்கு லாபம்? விற்பவனுக்கு மட்டுமே. ஆகவேதான், அறிஞர்கள் 2009-இல் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். புதிதாக வரும் எந்தச் சோதனையும், பெரிய ஆய்வுகளில் மெய்ப்பிக்கப்பட்ட பழைய சோதனையோடு ஒப்பிடப்பட வேண்டும். கேட்டைக் கண்டுபிடிப்பதில் அதன் திறனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையக்கூடாது. நலமானவரை விடுவிப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்குக் குறையக்கூடாது. இந்த உரைகல்லில் உரசிப் பார்க்காத கருவியைச் சந்தைக்கு விடுவது, முத்திரையிடாத படிக்கல்லை வைத்துக்கொண்டு அரிசி நிறுப்பதற்கு ஒப்பாகும்.

கருவி நல்லதாக இருந்தாலும் கை தவறலாம். உயிரணுக்களே ஒட்டாத வெறுங்குச்சியை அனுப்பினால், 'கிருமி இல்லை' என்றுதான் விடை வரும். ஆகவே, மாதிரியில் மனித உயிரணு இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சோதிக்கும் கருவியே மேலானது. ஒரு குழாயின் துளி மற்றொன்றில் தெறித்தால், இல்லாத கிருமி இருப்பதாகக் காட்டும். பெயர்ச்சீட்டு மாறினால், முனியம்மாவின் நோய் மாரியம்மாவின் பெயரில் ஏறும். மருக்களை மட்டும் உண்டாக்கும் தீங்கு குறைந்த வகைகளையும் சேர்த்துத் தேடி, பட்டியலை நீட்டிப் பணம் பறிப்போரும் உண்டு. தேடவேண்டியது புற்றை விளைவிக்கும் பதினான்கு வகைக்குள் அடங்கும். முப்பது வயதுக்குக் கீழுள்ள பெண்களையெல்லாம் இழுத்து வந்து சோதிப்பதும் தேவையற்றது. அந்த வயதில் கிருமி வருவதும் போவதும் சாதாரணம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, 'ஆகையால் இந்தச் சோதனையே வேண்டாம்' என்று முடிக்கப் போகிறோமா? இல்லவே இல்லை! நெல்லில் பதர் இருக்கிறதென்று நெல்லையே கொட்டிவிடுவார் உண்டோ? தூற்றிக்கொள்ளத் தெரிந்தவன்தான் உழவன்.

சோதனையின் மெய்யான துல்லியம், குழாயிலே தெரிவதன்று. சுடுகாட்டுக் கணக்கிலே தெரிவது. அந்தக் கணக்கை உலகுக்கு எடுத்துக் காட்டியது எந்த நாடு தெரியுமா? அமெரிக்காவா? இங்கிலாந்தா? மராட்டிய மாநிலத்தின் வறண்ட மாவட்டமான உஸ்மானாபாத்! இன்று தாராசிவ் என்று பெயர் மாறியிருக்கிறது. அங்கே முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுவரையுள்ள 1,31,746 கிராமத்துப் பெண்களை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு எச்.பி.வி. சோதனை, ஒன்றுக்குப் பாப் சோதனை, ஒன்றுக்கு அமிலச் சோதனை, நான்காவது பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். எட்டாண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். எச்.பி.வி. சோதனைப் பிரிவில் இந்நோயால் இறந்தவர் 34 பேர். சோதனையில்லாத பிரிவில் 64 பேர். வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த சோதனை, சாவை ஏறத்தாழப் பாதியாக்கியது! மற்ற இரு சோதனைகளும் அந்த ஆய்வில் அப்படியொரு பலனைக் காட்டவில்லை. 'கிருமி இல்லை' என்று விடை பெற்ற பெண்களுக்குப் பின்னாளில் நோய் வந்தது மிகமிக அரிது.

நம் திண்டுக்கல் மாவட்டமும் இந்த வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. அங்கே நடந்த அமிலச் சோதனை ஆய்வின் முடிவு 2007-இல் வெளிவந்தது. நோய் நூற்றுக்கு 25 பங்கும், சாவு 35 பங்கும் குறைந்தன. ஒரே அமிலச் சோதனை திண்டுக்கல்லில் பலன் தந்தது, உஸ்மானாபாத்தில் தரவில்லை. இதிலிருந்து நாம் கற்பதென்ன? கண்ணை நம்பும் சோதனை, பயிற்சியையும் இடத்தையும் பொறுத்து ஏறும், இறங்கும். பயிற்சிபெற்ற நம் செவிலியரின் கையில் அது நல்ல ஆயுதம். அதைப் பழிப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் கைக்குக் கை மாறாத ஆயுதம் ஒன்று கிடைத்திருக்கும்போது அதை எட்ட நின்று பார்ப்பது அறிவுடைமையாகுமா?

ஒரு கேள்வி நெஞ்சை அறுக்கிறது. உஸ்மானாபாத்தில் சோதனையின்றி விடப்பட்ட பிரிவில் 31,488 பெண்கள். அவர்களில் 64 பேர் மாண்டனர். அவர்களைச் சோதிக்காமல் விட்டது அறமா என்று உலகெங்கும் வாதம் நடந்தது. அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், ஓர் உண்மையை யாரும் மறுக்க முடியாது. இந்த அறிவு இலவசமாகக் கிடைத்ததன்று. ஏழைப் பெண்களின் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கியது. பலனை யார் அறுவடை செய்தார்கள்? நெதர்லாந்து 2017-இல் எச்.பி.வி. சோதனைக்கு மாறியது. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியா மாறியது. பிறகு இங்கிலாந்து மாறியது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு இதையே முதற் சோதனையாகக் கொள்ளலாம் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. உயிர் கொடுத்த நாட்டிலோ? 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, முப்பது முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில், கருப்பை வாயை ஒரு முறையாவது சோதித்துக்கொண்டவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை! தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேரை ஒட்டி வந்தோம். இரண்டைவிடப் பத்து பெரிது, பெருமைதான். ஆனால் மீதித் தொண்ணூறு பேரின் முகத்தைப் பார்த்து அந்தப் பெருமையைப் பேச நம் நாக்கு எழவில்லை.

விதைத்தவன் பட்டினி, வேடிக்கை பார்த்தவன் வீட்டில் விருந்து என்று நிலவுடைமையைப் பற்றி மேடையில் முழங்கினோமே, அதே கொடுமை மருத்துவத்திலும் நடக்கிறது!

டில்லியில் வீற்றிருப்போர் 2016-இல் ஒரு நெறிமுறை வகுத்தனர்: முப்பது முதல் அறுபத்தைந்து வயதுவரை, ஐந்தாண்டுக்கொரு முறை, அமிலச் சோதனை. தாள் நன்றாகத்தான் இருந்தது. தாளுக்கும் தாய்மாருக்கும் இடையே உள்ள தூரம்தான் குறையவில்லை. 'பெண்கள் வெட்கப்படுகிறார்கள், வரமாட்டேன் என்கிறார்கள்' என்று பழி போடுவோர் உண்டு. வெட்கம் ஒரு குற்றமா? திரையில்லாத அறை, கதவில்லாத கூடம், அதட்டும் குரல் – இவற்றை வைத்துக்கொண்டு அவளை வா என்றால் எப்படி வருவாள்? அதற்கும் இந்த மூலக்கூறுச் சோதனையில் வழி இருக்கிறது. சிறு குச்சி ஒன்றைக் கொடுத்தால், மறைவிடத்தில் அவளே மாதிரியை எடுத்துத் தரலாம். பி.சி.ஆர். இனத்தைச் சேர்ந்த சோதனையாக இருந்தால், அவள் எடுத்ததும் மருத்துவர் எடுத்ததும் கேட்டைக் கண்டுபிடிப்பதில் ஏறத்தாழ ஒன்றுதான் என்று 2018-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. வேறு சில முறைகளில் சற்றுக் குறையும். ஆகவே எந்தக் கருவி என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

நாம் கேட்பது வானத்து நிலவையன்று. ஒன்று: உரைகல்லில் தேறிய சோதனையை மட்டுமே அரசு வாங்கட்டும், தேறாததை விற்கத் தடை விதிக்கட்டும். இரண்டு: மகளிர் சுய உதவிக் குழுவின் கூட்டத்திலேயே குச்சி வழங்கப்படட்டும், வீடு தேடிப் போய்ச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கக் கற்றுக்கொண்ட மாநிலத்துக்கு இது பெரிய காரியமன்று. மூன்று: 'பாசிட்டிவ்' என்று வந்தவளைத் தனியே விட்டுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமிலச் சோதனை, தேவையானால் கருவி கொண்டு உற்றுப் பார்த்தல், கேடு இருந்தால் அதைச் சுட்டு நீக்கும் சிறு சிகிச்சை எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கட்டும். 16, 18 வகைகள் இருந்தால் தாமதமின்றி அனுப்பட்டும். நான்கு: சோதனையின் விடை அவளுடைய உடைமை, அவளையன்றி எவரிடமும் சொல்லக்கூடாது. ஐந்து: சிறுமியருக்குத் தடுப்பூசி தடையின்றிச் சேரட்டும். ஊசி போட்ட தலைமுறை வளரும். போடாத தலைமுறையின் தாய்மாரைக் காக்கச் சோதனை வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்கக்கூடாது.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். 'கிருமி இல்லை' என்று விடை வந்தால், ஐந்தாண்டுக்கு நிம்மதியாக இருங்கள். ஆனால் தீட்டு நின்றபின் இரத்தம் கண்டாலோ, உறவுக்குப்பின் இரத்தம் கண்டாலோ, கையில் எந்தச் சீட்டு இருந்தாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். நூறில் நாலு தப்பும் என்று முன்னமே சொன்னோம். அந்த நாலில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டாம்.

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நம் நெஞ்சில் 1969 பிப்ரவரி 3 வந்து நிற்கிறது. நியூயார்க் நகரம்வரை அழைத்துச் சென்று மருத்துவம் பார்த்தும், அண்ணாவை நம்மால் மீட்க முடியவில்லை. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, நோய் முற்றி வந்தவர்களைத் தேற்றும் துணிவே பெரிய துணிவாக இருந்தது. இன்று, நோய் பிறப்பதற்குப் பத்தாண்டு முன்னரே அதன் வருகையை அறிவிக்கும் கருவி நம் கையில் இருக்கிறது. அன்று இல்லாததால் இழந்தோம் என்றால் கண்ணீருக்கு மதிப்புண்டு. இன்று இருந்தும் இழந்தோம் என்றால், அந்தக் கண்ணீருக்கு வரலாறு மதிப்பளிக்காது.

டில்லியாயினும், சென்னைக் கோட்டையாயினும், அங்கே அமர்ந்திருப்போர் யாராயினும், நாம் வைக்கும் கோரிக்கை இதுவே: ஏழைப் பெண்கள் உயிர் கொடுத்து உலகுக்கு ஈட்டித் தந்த அறிவை, அந்த ஏழைப் பெண்களின் வாயிலுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். கேட்பது பிச்சையன்று, பாக்கி!